மாலை போட முடியாத படம்

ஒருவர் போட்டோவை நீட்டினால் உடனே முகத்தைப் பார்க்காதீர்கள். போட்டோ எங்கிருந்து வெளியே வருகிறது என்று பாருங்கள். இருக்கிற பிள்ளையின் போட்டோ சட்டைப் பையிலிருந்து வரும். பஸ் டிக்கெட்டோடும் பீடிக் கட்டோடும் கிடந்து மூலை மடங்கியிருக்கும். இல்லாமல் போன பிள்ளையின் போட்டோ மஞ்சள் பைக்குள் ஒரு புத்தகத்துக்குள் காகிதம் சுற்றி வரும். இரண்டு கையாலும் கொடுப்பார்கள். நாம் வாங்கிய பிறகும் அவர்கள் விரல் கொஞ்ச நேரம் அதை விடாது. இந்தக் கணக்கில் நான் தவறிப்போனதே கிடையாது, ஒரு தடவையைத் தவிர. அந்தத் தடவையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற, என்னை யாரென்று தெரியாத தம்பிகளுக்காக ஒரு வார்த்தை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூரில் உருவப்படம் வரைகிற கடை போட்டு, இந்தப் பக்கம் மடவார் வளாகம் முதல் அந்தப் பக்கம் ராஜபாளையம் மில் முதலாளிகள் வீடு வரைக்கும் என் படம் இல்லாத பெரிய ஹால் கிடையாது என்கிற நிலைமைக்கு வந்தேன். யாரும் கைதூக்கி விடவில்லை, நானாக வந்தேன். ராஜபாளையத்து வீடுகளில் ஆளுயர நாய்ப் படம் எங்காவது கண்ணில் பட்டால் வலது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே இருப்பது என் கையெழுத்து. எனக்குத் தப்பில்லாமல் எழுத வருவது அது ஒன்றுதான்.

நாயை வரைவது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ராஜபாளையம் நாய்க்கு மூக்கு கறுப்பில்லை, ரோஜா நிறம். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை போட்டோவில் அது சாம்பலாகத்தான் தெரியும். கறுப்பு மூக்கு வைத்துக் கொடுத்தால், சொந்தப் பிள்ளைக்கு வேறொருவன் மூக்கை ஒட்டிவைத்த மாதிரி படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் படம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஆனால் அலுத்துவிட்டது. பிள்ளையைக் கொஞ்சம் சிவப்பாக்குங்கள், விழுந்த பல்லை முளைக்க வையுங்கள், அழுகிற முகத்தைச் சிரிக்க வையுங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு மனித முகத்தைப் பார்க்கவே அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் கல்யாண வீட்டுக்குப் போனால் இலையை மட்டும் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன். உங்களுக்கு கம்ப்யூட்டர் இருக்கிறது. போட்டோவைக் கொடுத்தால் கேன்வாசில் ஏறி வந்துவிடுகிறது, மேலே பிரஷ்ஷை ஓட்டினால் போதும். நன்றாகச் சம்பாதிக்கிறீர்கள், சம்பாதியுங்கள். ஆனால் போட்டோவைக் கொண்டுவருகிற ஆட்கள் மாறவில்லை. அவர்களை எப்படிச் சமாளிப்பது என்று எழுதித் தரச் சொல்லி நீங்கள் நச்சரித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்து வீடுகளில் ஒரு படம் இரண்டு விதமாகத்தான் தொங்கும். ஒன்று, காலண்டருக்குப் பக்கத்தில் சும்மா தொங்கும். இன்னொன்று மாலையும் சந்தனப் பொட்டும் சின்னச் சிவப்பு பல்புமாகத் தொங்கும். எது என்று தெரியாமல் பிரஷ்ஷை நனைக்கக் கூடாது. அதற்காக, உன் பிள்ளை இருக்கிறதா, போய்விட்டதா என்று ஒரு தகப்பனைப் பார்த்து வாயால் கேட்கவும் முடியாது. அதற்கு நான் ஒரு கேள்வி வைத்திருந்தேன். “தரை போடவா, வானம் போடவா?” அவ்வளவுதான். இருக்கிறவர்களுக்குத் தரை. கால் ஊன்றி நிற்பார்கள், காலடியில் நிழல் விழும், பக்கத்தில் பூந்தொட்டியோ திரைச்சீலையோ இருக்கும். போனவர்களுக்கு வானம். இடுப்புக்குக் கீழே மேகம், தலைக்குப் பின்னால் வெளிச்சம். ஊரில் எல்லோருக்கும் இது பழகிப்போயிருந்தது. தரை என்பார்கள், அல்லது தலையைக் குனிந்துகொண்டு வானம் என்பார்கள்.

இன்னொரு விதி என் குருநாதர் கொடுத்தது. சினிமா பேனர் வரைந்து ஓய்ந்தபின் உருவப்படத்துக்கு வந்தவர் அவர். ஒரு மரக்கடைக் குடும்பத்தார், காலமான தகப்பனாரையும் தென்காசியில் இருந்த சித்தப்பாவையும் சேர்த்து ஒரே படமாகக் கேட்டார்கள். அண்ணன் தம்பி பாசம் அப்படி. குருநாதரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக்கொடுத்தார். வருஷத் திதிக்குப் பெரிய ரோஜா மாலையாக வாங்கிப் படத்துக்குப் போட்டார்கள். படம் முழுக்க மாலை. விசேஷத்துக்கு வந்திறங்கிய சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். மாலைக்குள் அவரும் இருந்தார். வந்த மனுஷன் தெருவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டார். “எம்மேல மாலையப் போட்டுட்டு எனக்கே இலையும் போடுதியளாலே?” என்று அண்ணன் மக்களைக் கேட்டாராம். குருநாதரைக் கையோடு கூட்டிவந்து, ஸ்டூல் போட்டு ஏற்றி, அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு தூணை எழுப்ப வைத்தார்கள். தூண் எழும்பிய பிறகுதான் சித்தப்பா சாப்பிட்டார். சைக்கிளில் திரும்பி வரும்போது குருநாதர் என்னிடம் சொன்னது இது: “இருக்கவனையும் போனவனையும் ஒரே துணியில ஏத்தாத. மாலைக்கு ஆள் தெரியாது.”

இனி மேஸ்திரி விஷயம்.

எண்பதுகளில், என் கடை நன்றாக ஓடத் தொடங்கியிருந்த சமயம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர் பஸ் பிடித்து என் கடைக்கு வந்தார். முறுக்கு மீசை, காதோரம் பஞ்சுத் தூசி. சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசைமேல் போட்டார். பத்து வயசுப் பையன் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஒரு வெள்ளை நாய். பையன் கை நாயின் கழுத்தைச் சுற்றிக் கிடக்கிறது. பையன் கேமராவைப் பார்க்கிறான், நாய் பையனைப் பார்க்கிறது. ஹாலில் மாட்டுகிற மாதிரி பெரிய படமாக வேண்டும் என்றார். வழக்கம்போலக் கேட்டேன், தரையா, வானமா.

அவர் தெருவைப் பார்த்தார். பால்கோவா வாங்கிக்கொண்டு போகிற ஒரு கூட்டம் கடைமுன்னால் கடந்து முடிகிற வரைக்கும் பார்த்தார். பிறகு “வானம்” என்றார்.

சட்டைப் பையிலிருந்து வந்த போட்டோவுக்கு வானம் கேட்ட ஒரே ஆள் என் அனுபவத்தில் அவர்தான். எப்போது என்று மெதுவாகக் கேட்டேன். போயிட்டான், அம்புட்டுதான் என்றார். நாய் எப்படி என்றேன். அது வீட்டில் கிடக்கிறது, வயதாகிவிட்டது என்றார். அப்படியானால் நாயைப் படத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், இருக்கிற ஜீவனையும் போனவரையும் ஒன்றாகப் போடுகிற வழக்கம் என் கடையில் கிடையாது என்று விளக்கினேன். அவர் போட்டோவைத் திருப்பித் தன் பக்கம் வைத்துப் பார்த்தார். “சரி, எடுத்துருங்க” என்றார். மகளைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள், அதற்கு முன் படம் ஹாலில் தொங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் கேன்வாசில் சாக்பீஸால் பையனைப் போட்டேன். நாயை விட்டேன். விட்டதும் ஒரு சிக்கல். நாயின் கழுத்தில் கிடந்த கை இப்போது வெறும் காற்றைக் கட்டிக்கொண்டு நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை. அதை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்த வேளையில்தான் ஒரு அம்மா வந்தார்.

நெற்றியில் ஆண்டாள் கோவில் குங்குமம். கையில் அர்ச்சனைத் தட்டு போட்ட பை. மேஸ்திரியின் வீட்டம்மா என்று சொன்னார். கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

பையன் பெயர் கணேசன். போட்டோவில் இருப்பது சின்ன வயது. அவன் காணாமல் போனது பத்தாம் வகுப்பு முடிவு வந்தபோது. தேறவில்லை. மேஸ்திரி இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அடித்திருக்கிறார், அடித்துவிட்டு என் முகத்தில் முழிக்காதே என்றிருக்கிறார். விடிந்தபோது பையன் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், பம்பாய் போகிற ரயிலில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். மேஸ்திரி மில்லுக்கு லீவு போட்டுத் தேடியலைந்தார். ஊர் ஊராகப் போய் வெறுங்கையோடு திரும்பியவர், அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லவே விடவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது பையனைத்தான். அண்ணன்காரன் எங்கே, மணவறையில் பெண்ணுக்குப் பொரியிட யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். வெளியூரில் இருக்கிறான், எந்த ஊரென்று தெரியாது என்று சொன்ன இடத்தில் எல்லாம் பேச்சு நின்றுபோகிறது. செத்துவிட்டான் என்றால் பங்காளிப் பையன் யாராவது பொரியிடலாம், ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மேஸ்திரி முடிவு செய்துவிட்டார். படத்தை மாட்டி மாலையைப் போட்டுவிட்டால் அதுதான் பதில்.

“மாலையப் போட்டுட்டா பொறவு அவன் வந்து வாசல்ல நின்னாலும் என்னன்னு அண்ணாச்சி உள்ள கூப்பிடுவேன்?” என்றார் அந்த அம்மா.

வேலை கொடுத்தது உங்கள் வீட்டுக்காரர், அவரிடம்தான் நீங்கள் பேச வேண்டும் என்றேன். அவிய கேட்டா நான் எதுக்கு பஸ் ஏறி வாரேன் என்றார்.  அவர் ஸ்டாண்டில் இருந்த கேன்வாசைப் பார்த்தார். சாக்பீஸ் கோட்டில் பையன், அந்தரத்தில் கை.

“ஜிம்மி எங்க?”

நாயின் பெயர் ஜிம்மி என்று அப்போதுதான் தெரிந்தது. பையன்தான் அதைக் குட்டியாக எங்கிருந்தோ சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்து அந்தப் பெயரை வைத்தானாம். இருக்கிறதையும் போனதையும் சேர்க்கக் கூடாது, மாலைக்கு ஆள் தெரியாது என்று குருநாதர் சொன்னதை அப்படியே சொன்னேன். அந்த அம்மா கையில் இருந்த பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“அப்ப ஜிம்மி உள்ள இருந்தா யாரும் மாலை போட முடியாதுல்ல?”

முடியாது என்றேன்.

“அப்ப அதை உள்ள வையுங்க அண்ணாச்சி. நான் வந்தேன்னு அவியட்ட சொல்லிராதிய.”

சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். தம்பிகளே, நாம் வண்ணம் குழைக்கிற நேரம் கொஞ்சம். இந்த மாதிரி ஆட்கள் போன பிறகு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம்தான் அதிகம். என்னால் மூன்று காரியம் செய்திருக்க முடியும். மேஸ்திரி சொன்னபடி வரைந்து கொடுத்துவிட்டு அந்த அம்மாவை மறந்துவிடலாம். அந்த அம்மா சொன்னபடி வரைந்துவிட்டு, தெரியாமல் நாயைப் போட்டுவிட்டேன் என்று மேஸ்திரியிடம் பொய் சொல்லலாம். அல்லது போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வேறு எந்த ஓவியனாக இருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்திருப்பான். நான் செய்யவில்லை. சாக்பீஸ் போட்ட கேன்வாசை நியூஸ்பேப்பரில் சுற்றிக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். நாயின் நிறத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று சாக்கு வைத்துக்கொண்டேன்.

மில்லுக்குப் பின்னால் ஓட்டு வீடு. நான் போனபோது மேஸ்திரி ஷிப்ட் முடிந்து வந்து முற்றத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு ஈயச் சட்டியில் கேப்பைக் கூழைக் கரைத்துக்கொண்டிருந்தார். எதிரே ஜிம்மி. வெள்ளை எல்லாம் பழுப்பேறி, பின்னங்கால் தொய்ந்து, நல்ல கிழம். பல் போய்விட்டது, கட்டி இருந்தால் துப்பிவிடும் என்று சொல்லிக்கொண்டே விரலால் நசுக்கி நசுக்கிக் கரைத்தார். பக்கத்தில் அவருடைய தங்கை உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். வரன் கொண்டுவந்ததே அந்தத் தங்கைதானாம். பேச்சில் படு கெட்டி. மேஸ்திரி வீட்டம்மா உள்ளே அடுப்படியில் இருந்தார். என்னை அதற்கு முன் பார்த்ததாக முகத்தில் காட்டிக்கொள்ளவே இல்லை.

நான் கேன்வாசைப் பிரித்துச் சுவரில் சாய்த்தேன். கை அந்தரத்தில் நின்றது.

தங்கைதான் முதலில் பேசினார். இது என்ன கை, யாரைப் பிடித்திருக்கிறது என்றார். நாயைப் பிடித்திருந்தது, நாயை எடுத்துவிட்டேன் என்றேன். அதுவும் சரிதான் என்றார் அவர். “மாப்பிள்ள வீட்டுக்காரக நாயப் பாக்கவா வாராக?” என்று கேட்டுத் தானே சிரித்தார். அடுப்படிப் பக்கம் திரும்பி, எம்புட்டு நாளைக்குத்தான் மதினி வெளியூர்ல இருக்கான் வெளியூர்ல இருக்கான்னு சொல்லிக்கிட்டு இருப்பிய என்றார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நிற்காமல் கேட்டது.

நான் மேஸ்திரியைப் பார்த்துத்தான் பேசினேன். கையை எடுத்து மடியில் வைக்கவும் என்னால் முடியும், மேசை போட்டு மேசைமேல் வைக்கவும் முடியும், இந்த ஜில்லாவில் வேறு எவனாலும் முடியாது என்றேன். இல்லை, நாய் இருக்கட்டும் என்றால் தத்ரூபமாக நாயையும் வைத்துத் தருவேன். ஆனால் நாய் இருக்கிற படத்துக்கு மாலை போடக்கூடாது. போட்டால் இருக்கிற ஜீவனுக்கும் சேர்த்துப் போட்டதாக ஆகும். அதனால் நாயை எடுக்கிறதாக இருந்தால் ஒரு வார்த்தை உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள் என்றேன்.

“அதான் கடையிலயே சொன்னேனே” என்றார்.

“கடையில சொன்னது போட்டோவப் பாத்து. இப்ப நாயப் பாத்துச் சொல்லுங்க மேஸ்திரி. எடுத்துரவா?”

ஜிம்மி கூழைக் குடித்துவிட்டு அவருடைய விரலில் ஒட்டியிருந்ததை நக்கிக்கொண்டிருந்தது. அவர் விரலை இழுத்துக்கொள்ளவில்லை.  தங்கை, அட சொல்லண்ணே, அவரு பஸ்ஸுக்குப் போகணும்ல என்றார்.

“நாயி இருக்கட்டும்” என்றார் மேஸ்திரி.

“அப்ப மாலை?” என்றார் தங்கை.

“நாயி இருக்கையில என்னத்த மாலை. கூறுகெட்டவளே.”

தங்கை பூவைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தார். எனக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அப்படியானால் தரைதானே என்று கேட்டேன். மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஈயச் சட்டியை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு எழுந்து போனார்.

“பின்ன நாயி வானத்துலயா நிக்கும்?” என்றார் போகிற போக்கில்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், நம்மிடம் வருகிறவர்கள் வாயால் சொல்ல முடியாத ஒன்றை நம் பிரஷ்ஷைக் கொண்டு சொல்லவைக்கப் பார்ப்பார்கள். மேஸ்திரிக்குத் தன் மகன் செத்துவிட்டான் என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் வானம் போடச் சொன்னார். அவன் இருக்கிறான் என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. அடித்தவர் அவர்தானே. அந்த மாதிரி ஒரு மனுஷனிடம் போய், அவன் இருக்கிறான் என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்று நாம் மல்லுக்கு நின்றால், தோற்கக் கூடாது என்பதற்காகவே மாலையைப் போட்டுவிடுவார். நான் மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாயைப் பற்றி மட்டும் பேசினேன். அவரும் நாயைப் பற்றி மட்டும் பேசினார். இரண்டு பேருக்கும் மானம் போகவில்லை. பெண்சாதி வந்து போனதை இன்றுவரைக்கும் நான் அவரிடம் மூச்சு விட்டதில்லை. இந்தச் சாமர்த்தியம் எனக்கு யார் சொல்லித்தந்தும் வந்ததில்லை.

படத்தைப் போட்டுக்கொடுத்தேன். பையன் வாசற்படியில், கை ஜிம்மியின் கழுத்தில், கீழே செங்கல் தரை, தரையில் இரண்டு பேர் நிழலும் ஒன்றாக விழுந்து கிடக்கும். ஜிம்மியைக் கிழமாகப் போடாமல் போட்டோவில் இருந்த மாதிரி வாலிபமாகப் போட்டேன். ரோஜா மூக்கு. பார்க்கிறவர்கள் அதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டுவார்கள். அப்படி ஒரு வேலை.

பெண் பார்க்க வந்தவர்கள் ஹாலில் உட்கார்ந்து, வாசலுக்கு நேராகத் தொங்கிய அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். யாரென்று கேட்டார்களாம். எங்கள் மகன், வெளியூரில் இருக்கிறான் என்று மேஸ்திரி வீட்டம்மா சொல்லியிருக்கிறார். மேஸ்திரி மறுத்துப் பேசவில்லை. அந்த வரன் தட்டிப்போனது உண்மை. பிறகு சிவகாசிப் பக்கம் ஒரு இடம் வந்தது. அவர்கள் அதிகம் துருவவில்லை. கல்யாணத்தில் பங்காளிப் பையன் ஒருவன் பொரியிட்டான். எனக்கும் பத்திரிகை வந்தது, போயிருந்தேன். கூட்டத்துக்குள் யாராவது அந்த முகத்தில் வந்து நிற்கிறார்களா என்று அன்றைக்கு மட்டும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தேன்.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் பையன் வந்தானா, வந்தானா என்றுதான் கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டு என்னை ஓயவைத்துவிட்டார்கள். வரவில்லை. நான் கடையை மூடுகிறவரைக்கும் வரவில்லை. நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை.

மகள் கல்யாணம் முடிந்து கொஞ்ச காலத்தில் ஜிம்மி செத்துப்போனதாகக் கேள்விப்பட்டேன்.  இனி அந்தப் படத்தில் உயிரோடு இருப்பதாக அடித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. நாயும் போய்விட்டதே, இனி என்ன தடை என்று நாலு பேர் கேட்பார்கள். மாலை எந்த நிமிஷமும் வரலாம். அந்த அம்மா மறுபடியும் கோவிலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு என் கடைக்கு வருவார், அவருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துவைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. என் மூளைக்கு எட்டாத விஷயம் அதிகம் கிடையாது. ஆனால் அது எட்டவில்லை.

அந்த அம்மா வரவில்லை, மேஸ்திரி வந்தார்.

ஆட்டோ பிடித்து வந்திருந்தார். நான் போட்டுக்கொடுத்த படத்தைப் போர்வையில் சுற்றி ஆட்டோக்காரர் பிடித்து இறக்கினார். மீசை முழுக்க நரைத்திருந்தது. கையில் ஒரு வயர்கூடை, அதற்குமேல் துண்டு மூடியிருந்தது. சுவரில் படத்தைச் சாய்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஜிம்மியை எடுத்துவிட்டு வானம் போடச் சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படிச் சொன்னால் முடியாது என்று சொல்லவும் எனக்குத் தெம்பு இல்லை.

“எந்தங்கச்சி நேத்து மாலையோட வந்துட்டா” என்றார். “வீட்டுல இவ கதவச் சாத்திக்கிட்டு அழுதா. நான் மாலைய வாங்கி ஆணியில மாட்டிட்டு வெளிய போயிட்டேன்.”

எந்த ஆணியில் என்பதையும் அவரே சொன்னார். ஜிம்மியின் சங்கிலி தொங்குகிற ஆணியில்.

கூடையின் துண்டை விலக்கினார். உள்ளே ஒரு குட்டி. பால் வெள்ளை. மூக்கு இன்னும் சரியாகச் சிவக்கவில்லை. வெளிச்சம் பட்டதும் கண்ணை இடுக்கிக்கொண்டு கூடையின் விளிம்பைக் கடித்தது.

“இதையும் அதுல சேத்துருங்க” என்றார்.

நான் ஏன் என்று கேட்கவில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். பையனின் காலடியில் செங்கல் தரை காலியாக இருந்தது, ஒரு குட்டிக்குப் போதுமான இடம். ஜிம்மி பையன் முகத்தைப் பார்த்தபடி இருந்ததால், குட்டியையும் அண்ணாந்து அவனைப் பார்க்கவைத்தால் படம் கூடிவரும் என்று எனக்குப் பட்டது. அப்படியே போட்டுவிடவா என்று கேட்டேன்.

மேஸ்திரி குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் காதைத் தடவிக்கொடுத்தார்.

“இது அவனப் பாத்ததில்லையே” என்றார். “வீட்டு வாசலப் பாத்து இருக்கட்டும்.”